"கலர் தெரியலை" என்று வந்த பையன்: பிரித்து வைக்கும் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பையனுக்கு அப்போது 3 வயது 8 மாதம். பெயரைத் தரவில்லை, யாரென்று தெரியக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பாலர் வகுப்பில் சேர்ந்து ஒரு பருவம் முடிந்திருந்தது. நன்றாகப் பேசுவான், கதை கேட்பான், கேட்ட கதையில் ஓட்டை கண்டுபிடிப்பான். கை வேலையிலும் ஓட்டம் ஆட்டத்திலும் குறை எதுவும் இல்லை. பிறகு ஏன் என்னிடம் அனுப்பினார்கள் என்றால், வகுப்பு ஆசிரியையின் குறிப்பேட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது: "கலர் பிரிக்கத் தெரியவில்லை."

அம்மாவின் கவலை இன்னும் பெரிது. "என் அக்கா பொண்ணு ரெண்டரை வயசிலேயே எல்லா கலரும் சொல்லுவா மேடம். இவனுக்குக் கண்ணில ஏதாவது பிரச்சினையா இருக்குமோ?" என்று கேட்டார்.

இந்தப் பயம் புதிதல்ல. சார்லஸ் டார்வினுக்கே வந்திருக்கிறது. சாதாரணப் பொருட்களின் பெயரெல்லாம் சொல்லத் தெரிந்த தன் பிள்ளைகளுக்கு நிறத்தின் பெயர் மட்டும் வரவில்லையே, நிறக்குருடோ என்று அவர் சந்தேகப்பட்டதையும், பிறகு அது வீண் சந்தேகம் என்று தெரிந்ததையும் 1877இல் எழுதியிருக்கிறார். நான்கு மாதக் குழந்தையே சிவப்பையும் நீலத்தையும் வேறு வேறாகப் பார்க்கிறது. அந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைத்துப் பிடித்துக்கொள்வதற்குத்தான் வருடக் கணக்கில் ஆகிறது.

முதலில் எதைப் பார்த்தோம்

"கலர் தெரியலை" என்ற ஒரு வரிக்குள் குறைந்தது நான்கு விஷயங்கள் ஒளிந்திருக்கும். நிறத்தைப் பார்த்து ஒரே மாதிரி இருப்பதைச் சேர்க்க முடியாதது ஒன்று. பெயர் சொன்னால் எடுத்துத் தர முடியாதது இன்னொன்று. "இது என்ன கலர்?" என்று கேட்டால் வாயில் பெயர் வராதது மூன்றாவது. நான்காவது, இவை மூன்றும் வந்தாலும், பல விதத்தில் வேறுபடும் பொருட்களைக் கலந்து கொட்டும்போது நிறத்தை மட்டும் கவனித்துப் பிரிக்க முடியாதது. நாலுக்கும் வைத்தியம் வேறு. பள்ளிக் குறிப்பேடுகளில் நாலும் ஒரே வரியாகத்தான் பதிவாகின்றன என்பது என் நீண்ட நாள் குறை.

அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தோம். ஒரே அளவு, ஒரே வடிவப் பிளாஸ்டிக் மூடிகளை எடுத்துக்கொண்டோம். நிறம் மட்டும்தான் வேறு. ஒரு சிவப்பு மூடியைக் காட்டி, "இதே மாதிரி இன்னொண்ணு குடு" என்றேன். நிறத்தின் பெயரையே எடுக்கவில்லை. ஆறு நிறத்திலும் தயக்கமே இல்லாமல் எடுத்துக் கொடுத்தான். ஆக, பார்வையில் பெரிய சிக்கல் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆனாலும் இந்தச் சோதனையோடு கண் விஷயத்தை மூடிவிடக் கூடாது. சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு உண்டு, பெண்களில் அரை சதவீதம்தான். இந்தக் குறைபாடு உள்ள பிள்ளை பளிச்சென்ற பிளாஸ்டிக் நிறங்களை, அதன் வெளிச்ச வேறுபாட்டை வைத்தே சரியாகச் சேர்த்துவிடக்கூடும். தப்பு எங்கே வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பச்சை-பழுப்பு, சிவப்பு-பழுப்பு, நீலம்-ஊதா என்று குறிப்பிட்ட ஜோடிகளிலேயே திரும்பத் திரும்பத் தடுமாறினால் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இவன் அப்படி இல்லை. மஞ்சளை "நீலம்" என்றான், அடுத்த முறை அதே மஞ்சளை "பச்சை" என்றான். ஒழுங்கில்லாத தப்பு. பெயர் இன்னும் உட்காரவில்லை, அவ்வளவுதான். இருந்தாலும் அம்மாவின் மன நிம்மதிக்காகக் கண் பரிசோதனை செய்யச் சொன்னோம்; குறை இல்லை என்று வந்தது.

பெயர் சொன்னால் எடுப்பதில் சிவப்பும் நீலமும் உறுதி, மற்றவை குத்துமதிப்பு. பெயரைத் தானே சொல்வதில் சிவப்பு மட்டும்தான் நிலையாக வந்தது. இந்த வயதில் இதைப் பின்தங்கல் என்று சொல்ல மாட்டேன்.

கலந்து கொட்டியபோது

சுவாரசியம் தொடங்கியது நான்காவது பகுதியில்தான். பொம்மைக் கார்கள், பட்டன்கள், கரண்டிகள், மர விலங்குகள், மூடிகள் எல்லாவற்றையும் பாயில் கொட்டி, "ஒண்ணா இருக்க வேண்டியதை ஒண்ணா வை" என்று மட்டும் சொன்னேன்.

சிவப்புப் பட்டனை எடுத்து வைத்தான். பக்கத்தில் சிவப்புக் கார். சரி, நிறத்தைப் பிடித்துவிட்டான் என்று நினைக்கும்போதே சிவப்புக் காருக்கு அடுத்து நீலக் கார் வந்தது. நீலக் காரை ஒட்டி நீலக் கரண்டி. கரண்டிக்குப் பக்கத்தில் ஒரு மூடி. ஏன் என்று கேட்டதற்கு "இது தட்டு" என்றான். பிறகு மாடு, ஏனென்றால் "அதுக்குப் பசிக்குது". வகுப்பு ஆசிரியை இதைத்தான் "கண்டபடி வைக்கிறான்" என்று எழுதியிருந்தார். கண்டபடி இல்லை. ஒவ்வொரு பொருளும் தனக்கு முந்திய பொருளோடு ஏதோ ஒரு வகையில் சேர்கிறது. சேரும் காரணம் மட்டும் ஒவ்வோர் அடியிலும் மாறிக்கொண்டே போகிறது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியும் அவரோடு வேலை செய்த சகாரோவும் நிறம், வடிவம், உயரம், பரப்பு எல்லாம் வேறுபடும் 22 மரக்கட்டைகளை வைத்துப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். இந்த விதமான சேர்க்கையை வைகாட்ஸ்கி சங்கிலி என்றே அழைத்தார். அந்தச் சங்கிலியைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு நாள் மூடிகளை வட்டமாக அடுக்கி, நடுவே கரண்டியை வைத்து, "கடிகாரம்" என்றான். இதையும், பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் விரிவாகப் பேசியிருக்கிறார்கள்: சின்னப் பிள்ளைகளிடம் "சேர்த்து வை" என்றால், சேர்ந்து ஒரு உருவம் வரும்படி வைப்பார்கள். நாம் கேட்டது குழு. அவர்கள் காதில் விழுவது படம். "ஒண்ணா இருக்க வேண்டியது" என்ற கட்டளையே குழப்பமானது என்பதும் உண்மை. கரண்டியும் தட்டும் ஒன்றாக இருக்க வேண்டியவை இல்லையா என்ன?

ஆக, நோட்டில் இருந்த வரியை மாற்றி எழுத வேண்டியிருந்தது. நிறம் தெரிகிறது, சில நிறப் பெயர்கள் உறுதியாகவில்லை, ஒரு விதியை முதலிலிருந்து கடைசி வரை பிடித்துக்கொண்டு போவது இன்னும் வரவில்லை. பயிற்சியை இதற்கேற்பத் திட்டமிட்டோம்.

நிறம்

பிரிக்கும் பொருள் எல்லாம் ஒன்றே, நிறம் மட்டும் வேறு என்ற நிலையிலிருந்து தொடங்கினோம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் நிறத் தகடுகளில் இருக்கும் தர்க்கம் இதுதான். முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று ஜோடி மட்டும். இரண்டாவதில் 11 ஜோடி. மூன்றாவதில் ஒன்பது நிறம், ஒவ்வொன்றிலும் அடர்த்தியிலிருந்து வெளிர் வரை ஏழு சாயல். எல்லாத் தகடும் ஒரே அளவு, ஒரே வடிவம். பிள்ளையின் கவனம் போவதற்கு நிறத்தைத் தவிர வேறு வழியே வைக்கவில்லை. தகடு இல்லாதவர்களுக்கு மூடியும் பட்டனும் போதும், ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிடக் கூடாது. பெரிய சிவப்பு மூடி, சின்ன நீல மூடி என்று கலந்தால், பிள்ளை அளவை வைத்துப் பிரிக்கிறானா நிறத்தை வைத்தா என்று நமக்கே தெரியாது.

பெயர் சொல்லித் தருவதற்குப் பிரெஞ்சு மருத்துவர் எட்வார்ட் செகுவான் வகுத்து, மாண்டிசோரி எடுத்தாண்ட மூன்று படிப் பாடம். முதலில் நாம் சொல்கிறோம்: "இது மஞ்சள்." அடுத்து அவன் எடுக்கிறான்: "மஞ்சள் எது?" கடைசியில்தான் "இது என்ன?" வீட்டில் பெரும்பாலும் நேரே மூன்றாவது படிக்குத் தாவுகிறார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் பிள்ளையை நிறுத்தி "இது என்ன கலர், சொல்லு பாப்போம்" என்பது சோதனைதானே தவிர கற்பித்தல் அல்ல. இவன் அதற்குப் பழகி, கேள்வி வந்ததும் வாயில் வரும் முதல் நிறத்தைச் சொல்லிவிட்டு ஓடப் பழகியிருந்தான். எனவே அம்மாவிடம் வைத்த முதல் வேண்டுகோள், கேள்வியைச் சில வாரம் நிறுத்துங்கள் என்பது. "நீலச் சட்டையை மடிக்கிறேன், இந்தச் சட்டையும் நீலம்" என்று சொல்லிக்கொண்டே மடியுங்கள், போதும்.

இதில் இன்னொரு நுணுக்கம். "சிவப்பு மூடி" என்பதைவிட "இந்த மூடி சிவப்பு" என்று சொல்வது இந்தக் கட்டத்தில் கூடுதலாக உதவுகிறது. ஆங்கிலம் பேசும் சின்னப் பிள்ளைகளிடம் மைக்கேல் ராம்ஸ்காரும் உடனிருந்தவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வின் முடிவும் இந்தப் பக்கம்தான்: பொருளை முதலில் சொல்லிவிட்டு நிறத்தைப் பின்னால் சொன்னால், பிள்ளை பொருளின் மேல் கண்ணை நிறுத்திய பிறகு அதன் எந்தக் குணத்தைப் பார்க்க வேண்டும் என்பது காதில் விழுகிறது. நமக்கு இது செலவில்லாத மாற்றம்.

இரண்டு நிறம், இரண்டு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் மாதிரிக்கு ஒரு மூடி. மூடியைக் கையில் எடுத்ததும் அவனே நிறத்தைச் சொல்லிவிட்டுப் போட வேண்டும். தப்பாகப் போட்டால் "தப்பு" என்று சொல்லவில்லை. தட்டில் இருந்த மாதிரியை எடுத்து அவன் போட்டதற்குப் பக்கத்தில் வைத்தோம். பெரும்பாலும் அவனே எடுத்து மாற்றினான். மூன்று நிறம், நான்கு நிறம் என்று கூட்டிக்கொண்டே போனதில் பெரிய தடங்கல் எதுவும் வரவில்லை. அப்புறம்தான் வடிவத்தைக் கலந்தோம்: சிவப்பு மூடியோடு சிவப்புப் பட்டன், சிவப்புக் கரண்டி. மாதிரி தட்டிலேயே இருந்ததால் சங்கிலி அறுந்தது. முந்திய பொருளைப் பார்க்காமல் தட்டைப் பார்க்கக் கற்றான். எனக்குத் தெரிந்து, இந்த முழுப் பயிற்சியிலும் அதிகம் வேலை செய்தது இந்தச் சின்ன மாதிரிப் பொருள்தான்.

வகை

நிறத்தைவிட வகை கடினம், ஏனென்றால் அது கண்ணில் தெரிவதில்லை. மாடும் பல்லியும் விலங்கு என்பதைக் கண் சொல்லாது. அதனால் முதலில் ஒரே பெயருள்ளவற்றில் தொடங்கினோம்: கார் எல்லாம் இங்கே, மாடு எல்லாம் அங்கே. அது எளிதாக முடிந்தது. அடுத்து, விலங்குகள் ஒரு தட்டு, வண்டிகள் ஒரு தட்டு.

இங்கே பையன் தன் பழைய வழிக்குத் திரும்பினான். பொம்மை மனிதனைக் காரோடு வைத்தான், "இவன்தான் ஓட்டுவான்" என்று. இந்த வயதில் சேர்ந்து நடக்கும் பொருட்களைச் சேர்ப்பது ஒரே இனத்தைச் சேர்ப்பதைவிட இயல்பாக வருகிறது. உளவியல் ஆய்வாளர்கள் எலன் மார்க்மனும் ஹட்சின்சனும் 1984இல் காட்டியது இங்கே நேரடியாகப் பயன்பட்டது. "இதோட எது சேரும்?" என்று கேட்டால் பிள்ளைகள் கதையால் சேர்க்கிறார்கள், பொருளுக்கு ஒரு பெயரைச் சொல்லி, "இந்தப் பெயருள்ள இன்னொன்று எது?" என்று கேட்டால் இனத்தால் சேர்க்கத் தொடங்குகிறார்கள், அந்தப் பெயர் அவர்கள் கேட்டேயிராத கற்பனைச் சொல்லாக இருந்தாலும்கூட. நாங்களும் கேள்வியை மாற்றினோம். ஒன்றுக்கு இரண்டாகக் காட்டி, "இது வண்டி. இதுவும் வண்டி. இன்னொரு வண்டி எங்கே?" என்றதும் ஓட்டுநர் பொம்மையைத் தாண்டிப் போய் லாரியை எடுத்தான். ஒரே பொருள், ஒரே பிள்ளை; கேள்விதான் வேறு.

பிறகு அந்த நாய். சக்கரம் வைத்த, கயிறு கட்டி இழுக்கும் மர நாய். அது கூடைக்குள் எப்படி வந்தது என்று தெரியாது. கையில் எடுத்தவன் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான், சக்கரத்தை உருட்டினான், வண்டித் தட்டில் வைத்தான்.

"ஏன்டா கண்ணா அங்க?"

"சக்கரம் இருக்கே மிஸ்."

"அப்போ இது நாய் இல்லையா?"

"நாய்தான். நாய் வண்டி."

வகுப்பு ஆசிரியை அதை எடுத்து விலங்குத் தட்டில் போடப் போனார். வேண்டாம் என்றேன். அவன் ஒரு விதியை வைத்திருக்கிறான், அதைச் சொற்களில் சொல்கிறான், அந்த விதிப்படி வைக்கிறான். சில வாரத்துக்கு முன் மாட்டுக்குப் பசிக்கிறது என்று சங்கிலி கட்டிக்கொண்டிருந்த அதே பிள்ளை. விதி நமக்குப் பிடித்த விதியாக இல்லாமல் இருக்கலாம்; விதி இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஆரம்பக் கூடையில் இப்படி இரண்டுங்கெட்டான் பொருள் இருக்கக் கூடாது என்பது வேறு விஷயம். கொஞ்சம் தேறிய பிறகு, பேச்சுக்காகவே இப்படிப்பட்ட பொருளைத் தேடி வைக்கலாம்.

விதி மாறும்போது

கலரும் வந்துவிட்டது, வகையும் வந்துவிட்டது, இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்கலாம் என்பது ஆசிரியையின் ஆர்வம். சிவப்புக் கார், நீலக் கார், சிவப்பு மாடு, நீல மாடு படம் போட்ட அட்டைகள். முதலில் நிறப்படி. சரியாக வைத்தான். "இப்போ கலர் ஆட்டம் முடிஞ்சுது. கார் ஆட்டம், மாடு ஆட்டம். கார் எங்க போகும்?" சரியான தட்டைக் காட்டினான். "மாடு?" சரியாகக் காட்டினான். அட்டையைக் கையில் கொடுத்ததும் பழையபடி நிறத்துக்கே போட்டான். அடுத்த அட்டையும் அப்படியே.

பார்க்கிறவர்களுக்கு அடம் மாதிரித் தெரியும். அடம் இல்லை. பிலிப் ஜெலாசோவும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட சோதனையில் மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதையேதான் செய்தார்கள்: புது விதியை வாயால் சரியாகச் சொல்லிவிட்டு, கையால் பழைய விதிப்படி வைத்தார்கள். நான்கு, ஐந்து வயதில் இது தானாகவே நேராகிறது. விதி தெரியாமல் இல்லை. முதல் விதிப்படி பார்த்துப் பழகிய பார்வையைத் திருப்ப முடியவில்லை.

பார்வையைத் திருப்ப உதவும் வழிகள் உண்டு. அடீல் டயமண்டும் சகாக்களும் 2003இல் காட்டியபடி, அட்டையை வைப்பதற்கு முன் "இது என்ன?" என்று பிள்ளையையே சொல்ல வைத்தால் விதி மாற்றம் எளிதாகிறது, போட்ட அட்டைகளைப் படம் மேலே தெரியும்படி விட்டால் கடினமாகிறது. 2005இல் இன்னொன்று: நிறத்தைப் படத்திலிருந்து பிரித்து, கறுப்புக் கார் படத்துக்குப் பின்னணியாக நிறத்தைக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகளும் மாறிக்கொள்கிறார்கள். நாங்கள் இந்தப் பின்னணி நிற அட்டைகளைக் கையால் செய்துகொண்டோம், போட்ட அட்டைகளைக் கவிழ்த்து வைத்தோம், ஆட்டம் மாறும்போது தட்டுகளைக் காலி செய்து இடத்தையும் மாற்றினோம். "இது என்ன?" "கார்." "அப்போ கார் தட்டு." இப்படிச் செய்தபோது பெரும்பாலும் வந்தது. பழைய அட்டைகளுக்குத் திரும்பினால் மறுபடி நிறம்தான்.

ஆசிரியைக்கு இது ஏமாற்றம். எனக்கு இல்லை. மூன்றரை வயதில் விதி மாற்றத்தை ஒரு பாட இலக்காக வைப்பதே எனக்கு உடன்பாடில்லை. ஆட்டமாக வைத்துக்கொள்ளலாம், மதிப்பெண் போட வேண்டாம். செல்போன் செயலிகளில் வரும் பிரிக்கும் விளையாட்டுகளைப் பற்றியும் அம்மா கேட்டார். அவற்றில் பல, ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லாமல் விதியை மாற்றிவிட்டு, தப்பாகப் போட்டால் டங்கென்று ஒலி எழுப்புகின்றன. நாயை ஏன் வண்டியோடு வைத்தாய் என்று அவை கேட்பதில்லை.

இப்போதைய நிலை

பருவ முடிவில் அடிப்படை நிறங்களின் பெயரைத் தானாகச் சொல்கிறான். ஊதாவும் பழுப்பும் இன்னும் ஊசலாட்டம், அவசரப்படுத்தவில்லை. மாதிரி வைத்த தட்டில் நிறப்படியும் வகைப்படியும் கடைசி வரை பிசகாமல் பிரிக்கிறான். மாதிரியை எடுத்துவிட்டால், பொருள் அதிகமாகக் கொட்டிக் கிடந்தால், பாதியில் சங்கிலி திரும்பி வருகிறது. பொம்மைகளை எடுத்து வைக்கும் நேரத்தில் வண்டிப் பெட்டி, கட்டைப் பெட்டி என்று வீட்டிலும் வைத்திருக்கிறார்கள். அதில் அவன்தான் மேற்பார்வை, அப்பா தப்பாகப் போட்டால் எடுத்து மாற்றுகிறானாம்.

அடுத்த வகுப்பு ஆசிரியைக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் மூன்று விஷயங்கள்தான் இருந்தன. பிரிக்கும் வேலையில் மாதிரிப் பொருளை இன்னும் சில மாதம் தட்டிலேயே வையுங்கள், மெல்ல மெல்ல எடுங்கள். சரி, தப்பு என்று டிக் போடுவதற்குப் பதில், அவன் எதை எதோடு வைத்தான், கேட்டதற்கு என்ன காரணம் சொன்னான் என்று இரண்டு வரி எழுதுங்கள். "சிவப்பு மூடி அதிகமா, மூடி அதிகமா?" போன்ற கேள்விகளை இப்போது தொடவே வேண்டாம், வகைக்குள் வகை என்பது பியாஜேயின் கணக்கில் ஏழு, எட்டு வயது வாக்கில் வருவது. இவை தவிர, விதி மாற்றும் ஆட்டத்தை நான்கு வயது தாண்டிய பிறகு, பழைய அட்டைகளைக் கொண்டே ஒரு தடவை பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன்.